அமெரிக்கக் கண்டங்களின் ஊசித்தும்பிகள்: எந்த அடையாளத்தை வைத்து எதைச் சொல்லலாம்?

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர், வீட்டுக்கு அருகிலுள்ள குளத்திலும் ஓடையிலும் எடுத்த ஊசித்தும்பிப் படங்களை வைத்துக்கொண்டு சில கேள்விகளை எழுப்பியிருக்கிறார். நீலமும் கறுப்புமாக இருப்பவை எல்லாம் ஒன்றுபோலவே தெரிகின்றனவே, அவற்றை எப்படிப் பிரிப்பது? ஆரஞ்சு நிறச் சிறு தும்பி ஒன்று, கையேட்டில் உள்ள எந்த ஆண் தும்பியின் படத்தோடும் ஒத்துவரவில்லை, அது என்ன? 1990-களில் வந்த கையேட்டில் இருக்கும் புரோட்டோநியூரிடே, சூடோஸ்டிக்மாடிடே ஆகிய குடும்பங்களை இன்றைய பட்டியல்களில் காணவில்லை, இவற்றில் எது சரி? வரும் ஜனவரியில் கோஸ்டா ரிகா செல்லவிருப்பதால், அங்கே எவற்றைத் தேடிப் பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

கேள்விகள் வெவ்வேறாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றுதான். ஊசித்தும்பியின் உடலில் உள்ள எல்லா அடையாளங்களும் ஒரே மட்டத்தில் உதவுவதில்லை. நிறம் பெரும்பாலும் வயதையும் பாலையும் காட்டும்; கால் முட்களும் இறக்கை நரம்புகளும் உட்காரும் விதமும் பேரினத்தைக் காட்டும்; பெண்ணைப் பிடித்துக்கொள்ள ஆணின் வால்நுனியில் உள்ள பற்றுறுப்புகள் இனத்தைக் காட்டும்; குடும்ப உறவை நம்பகமாகச் சொல்லவோ, பெரும்பாலான சமயங்களில் மரபணுவரை போகவேண்டியிருக்கிறது. ஒரு மட்டத்துக்கான அடையாளத்தை இன்னொரு மட்டத்துக்குப் பயன்படுத்தும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. புதிதாகப் படம் எடுக்கத் தொடங்குபவர் மட்டுமல்லர், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வகைப்பாட்டியலாளர்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கிறார்கள்.

பார்ப்பது ஊசித்தும்பிதானா என்பதில் அதிகம் நிற்கத் தேவையில்லை. கண்கள் இரண்டும் தலையின் இருபுறமும் தள்ளி இருக்கும். முன் இறக்கையும் பின் இறக்கையும் ஏறத்தாழ ஒரே வடிவில், அடிப்பகுதி ஒடுங்கி இருக்கும். இறக்கையை மூடி உட்காருவதே ஊசித்தும்பியின் அடையாளம் என்று பலரும் சொல்வதுண்டு. அதை மட்டும் நம்பவேண்டாம். லெஸ்டெஸ் வகையினர் இறக்கைகளைப் பாதி விரித்தபடியே உட்காருவார்கள். உங்கள் ஊரில் வசந்தகால இறுதியில் பறக்கும் குரோமாக்ரியானும் அப்படித்தான். வெப்பமண்டலத்து ஹெட்டெராக்ரியானும் இறக்கையை விரித்தே அமரும்.

நியூ ஜெர்சியில் நீங்கள் காணப்போவது மூன்று குடும்பங்கள்தான். கலோப்டெரிஜிடே குடும்பத்தினரைத் தொலைவிலிருந்தே சொல்லிவிடலாம். ஓடைக்கரையில் பச்சை மினுக்கும் உடலோடும் முழுக்கக் கறுத்த இறக்கைகளோடும் சிறகடித்துத் திரிவது கலோப்டெரிக்ஸ் மாகுலாட்டாவின் ஆண். அதே உருவில், இறக்கை நுனியருகே வெள்ளைப் பொட்டோடு இருப்பது அதன் பெண். ஆண்களின் இறக்கை அடியில் சிவப்பு படர்ந்திருந்தால் அது ஹெட்டெரீனா. இக்குடும்பத்தை நரம்புகளை வைத்து உறுதிசெய்ய விரும்பினால், இறக்கை அடிக்கும் விளிம்பின் நடுவிலுள்ள முடிச்சுக்கும் இடையே எத்தனை குறுக்கு நரம்புகள் ஓடுகின்றன என்று பாருங்கள். மற்ற இரண்டு குடும்பங்களிலும் அங்கே தெளிவாக இரண்டு மட்டுமே இருக்கும். கலோப்டெரிஜிடேயில் நெருக்கமாகப் பல இருக்கும். லெஸ்டிடே, மேலே சொன்ன பாதி விரித்த இறக்கைக்காரர்கள். அவற்றின் இறக்கை நுனிப் பொட்டு நீளமானது. நரம்புகளுக்கு இடையிலுள்ள ஒரே ஒரு கட்டத்தின் மேல் அடங்காமல் இரண்டு மூன்று கட்டங்களைத் தாண்டி நீளும். இந்தக் குடும்பத்தில் பெண்ணே இனத்தைக் காட்டிக்கொடுக்கும் ஒரு வேடிக்கை உண்டு. லெஸ்டெஸ் டிஸ்ஜங்க்டஸ், லெஸ்டெஸ் ஃபோர்சிபாட்டஸ் ஆகிய இரண்டின் ஆண்களையும் பிரிப்பது பெரும்பாடு. பெண்களிலோ ஃபோர்சிபாட்டஸின் முட்டையிடும் உறுப்பு கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியது. கையேடுகள் ஆண்களையே பக்கம் பக்கமாகக் காட்டுவதால் பெண்களைப் படம் எடுக்காமல் விட்டுவிடும் பழக்கம் பலரிடமும் இருக்கிறது. லெஸ்டெஸ் விஷயத்தில் அது நட்டம்.

மூன்றாவது குடும்பமான சீனாக்ரியானிடேயில்தான் உங்கள் படங்களில் பெரும்பாலானவை அடங்கும். இதில் முதலில் பேரினத்தைப் பிரித்துக்கொள்ளவேண்டும். ஆர்ஜியா, இஷ்னூரா, எனலாக்மா என்னும் மூன்றும் முக்கியமானவை. ஆர்ஜியா அமெரிக்கக் கண்டங்களுக்கு மட்டுமே உரியது. 130-க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட பெரும் பேரினம். அது செடியைவிடப் பாறையிலும் மண் தரையிலும் மரக்கட்டையிலும் உட்காருவதை விரும்பும். இறக்கைகளை வயிற்றுக்கு மேலே சற்றுத் தூக்கிப் பிடித்திருக்கும். துள்ளித் துள்ளிப் பறக்கும். ஐயம் இருந்தால் காலைப் பாருங்கள். ஆர்ஜியாவின் கால் முட்கள் நீளமானவை. ஒரு முள்ளுக்கும் அடுத்த முள்ளுக்கும் உள்ள இடைவெளியைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு நீளம் இருக்கும். நல்ல பக்கவாட்டுப் படம் ஒன்றிலேயே இதைக் காணலாம். இஷ்னூராவின் ஆண் பொதுவாக எனலாக்மாவைவிடச் சிறியது. வயிற்றின் மேற்புறம் முழுக்கக் கறுத்து, கடைசிக்கு முந்திய கண்டங்களில் (வயிற்றின் வளையம் போன்ற துண்டுகளில்) மட்டும் நீலம் இருக்கும். பத்தாவது கண்டத்தின் மேல்முனை கவட்டைபோல் எழும்பி நிற்கும். உங்கள் படம் ஒன்றில் மார்பின் இருபுறமும் பச்சையில் ஆச்சரியக்குறி போட்டதுபோல் இருப்பது இஷ்னூரா பொசிட்டா. தோள்கோடு நடுவில் துண்டுபட்டிருப்பதால் வந்த வடிவம் அது. அந்த அளவுக்கு எளிதான அடையாளம் இந்தக் குடும்பத்தில் வேறு அதிகமில்லை.

மிச்சமிருக்கும் நீலத் தும்பிகள் எனலாக்மா. வட அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய நாற்பது இனங்கள். எல்லாமே நீலம் என்றும் எண்ணவேண்டாம். மாலை மங்கிய பிறகு வெளிவரும் எனலாக்மா வெஸ்பெரம் மஞ்சள், சிக்னாட்டம் ஆரஞ்சு, உங்கள் பகுதிக் கடலோரக் குளங்களில் கிடைக்கும் பிக்டம் நல்ல சிவப்பு. இந்த மூன்றும் நிறத்தாலேயே தனித்து நிற்பதால் தொல்லை தருவதில்லை. நீலத்தில் வருபவற்றை வயிற்றின் மேற்புறத்தில் நீலம் மிகுதியா, கறுப்பு மிகுதியா, இரண்டும் கலந்தா என்று முதலில் மூன்று கூட்டமாகப் பிரித்துக்கொள்வது வழக்கம். கறுப்பு மிகுந்த கூட்டத்தில் வால்நுனிக் கண்டங்களின் நீலம் கைகொடுக்கும். எக்ஸுலன்ஸ் என்னும் ஓடைவாசியில் ஒன்பதாவது கண்டம் முழுக்க நீலம், எட்டாவது மேலே கறுப்பு. ஜெமினாட்டத்தில் எட்டும் ஒன்பதும் நீலம். பாசிடென்ஸ் என்னும் சிறிய இனத்தில் கறுத்த தோள்கோட்டை ஒரு மெல்லிய வெளிர்க்கோடு இரண்டாகக் கீறியிருக்கும். தெற்கே டெக்சஸ் பக்கம் இருந்த இது இருபதாம் நூற்றாண்டில் வடகிழக்கிலும் மேற்கிலும் வேகமாகப் பரவியது.

நீலம் மிகுந்த கூட்டத்தில் இந்த வழி முடிந்துவிடுகிறது. சிவிலே, டபுள்டேயி, அனெக்ஸம், ஹாகெனி, எப்ரியம் ஆகியவற்றை மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்பவரை நான் நம்பமாட்டேன். கண்டங்களில் கறுப்பு வளையத்தின் அகலம், கண்ணுக்குப் பின்னுள்ள பொட்டுகளின் பருமன் ஆகியவை ஒரே குளத்தில் ஒரே இனத்துக்குள்ளேயே மாறும். இங்கே பார்க்கவேண்டிய இடம் ஒன்றே: ஆணின் வயிற்று முனையிலுள்ள இரண்டு இணைப் பற்றுறுப்புகள், அவற்றிலும் குறிப்பாக மேல் இணை.

கலவியில் அதற்கு உள்ள பங்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஊசித்தும்பி ஆண், கலவிக்கு முன் பெண்ணை அதன் முன்மார்புப் பகுதியில் பற்றிக்கொள்கிறது. கீழ் இணை முன்மார்பைப் பிடிக்க, மேல் இணை அதற்குச் சற்றுப் பின்னால் நடுமார்பின் முன்விளிம்பில் உள்ள இரண்டு சிறு தகடுகளின்மேல் அழுந்துகிறது. ஒவ்வோர் இனத்திலும் மேல் பற்றுறுப்பின் வளைவும் குமிழும் கிளையும் வேறு. பெண்ணின் தகட்டில் அவை படும் இடங்களும் வேறு. அந்தத் தகட்டில் தொடு உணர்வு மயிர்கள் உண்டு. பிடி சரியான இடங்களில் பட்டால்தான் பெண் வயிற்றை வளைத்துக் கலவிக்கு இசைகிறது. முன்பு இதைப் பூட்டும் சாவியும் என்று சொல்லி, பொருந்தாவிட்டால் நுழையவே முடியாது என்பதுபோல் விளக்கினார்கள். தவறான இனத்து ஆண்களும் பெண்ணைப் பற்றிக்கொள்வதை நீர்நிலைகளில் காணமுடிகிறது என்பதால், தடை வடிவப் பொருத்தத்தில் அல்ல, தொடு உணர்வில் இருக்கிறது என்றே இன்று பலரும் கருதுகிறார்கள். எப்படியாயினும், இந்தத் தும்பிகள் தம் இனத்தைத் தாமே அறிந்துகொள்ளும் இடம் அதுவாக இருப்பதால், நமக்கும் அதுவே நம்பகமான இடமாகிறது.

அது ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது என்பதுதான் சங்கடம். பத்து மடங்கு பெருக்கும் கைக்கண்ணாடி போதும், நுண்ணோக்கி தேவைப்படாது. தும்பியின் நான்கு இறக்கைகளையும் ஒன்றுசேர்த்து விரல்நுனியால் மென்மையாகப் பிடித்து, பக்கவாட்டில் திருப்பி வால்நுனியை வெளிச்சத்துக்கு நேராகக் காட்டுங்கள். எனலாக்மா சிவிலேயில், பக்கவாட்டில் பார்க்கும்போது மேல் பற்றுறுப்பின் மேற்கிளை கீழ்க்கிளையைவிட நீண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள பிளவில் வெளிறிய சிறு குமிழ் ஒன்று உட்கார்ந்திருக்கும். நாணல் சூழ்ந்த நீர்நிலைகளில் கிடைக்கும் கரன்குலாட்டத்திலும் அந்தக் குமிழ் உண்டு. ஆனால் அது பிளவுக்குள் அடங்காமல் முனையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்த பிறகு தும்பியைப் பறக்கவிடலாம். பிடிக்க விருப்பமில்லை என்றால், செடியில் உட்கார்ந்திருக்கும் ஆணின் வால்நுனியைச் சரியாகப் பக்கவாட்டிலிருந்து, அதையே குவியமாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுத்த அழகான இருபது படங்களைவிட இந்த ஒன்று மேல். மாநிலப் பூங்காக்களிலும் காப்பகங்களிலும் வலை வைத்துப் பிடிக்க அனுமதி வேண்டியிருக்கும் என்பதை மட்டும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் படத்தைப் பார்த்தவுடன் ஓர் இனப்பெயரை நீட்டிவிடும். நீலம் மிகுந்த எனலாக்மாவில் அந்தப் பெயரை ஏற்காமல் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ‘எனலாக்மா, இனம் தெரியவில்லை’ என்ற பதிவு குறையுள்ளது அன்று; துணிந்து போட்ட தவறான இனப்பெயர்தான் பரவல் வரைபடத்தைக் கெடுக்கிறது.

ஆரஞ்சுத் தும்பிக்கு வருவோம். அது தனி இனம் அன்று; இஷ்னூராவின் இளம்பெண். அளவையும் இடத்தையும் பார்த்தால் இஷ்னூரா வெர்டிகாலிஸ் ஆகவே இருக்கவேண்டும். அந்த இனத்தின் ஆண் பச்சை மார்பும் கறுத்த வயிறும் நீல வால்நுனியும் கொண்டது. பெண்ணில் பெரும்பாலானவை இளமையில் ஆரஞ்சும் கறுப்புமாக இருந்து, முதிர முதிர உடல் முழுவதும் நீலச்சாம்பல் பூச்சு படிந்து, பழைய நிறம் ஏதும் தெரியாதபடி மாறிவிடும். அதே பெண்ணைச் சில நாட்கள் கழித்துப் பார்த்தால் இன்னோர் இனம் என்றே தோன்றும். இதற்கு மேல், இஷ்னூராவிலும் எனலாக்மாவிலும் பல இனங்களில் பெண்கள் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வருவார்கள்; ஆணைப்போலவே நிறம் கொண்ட பெண்ணும், பச்சையோ பழுப்போ ஆரஞ்சோ கொண்ட பெண்ணும் ஒரே குளத்தில் இருக்கும். தெற்கே பரவலாக உள்ள இஷ்னூரா ராம்புரியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். வெப்பமும் நிறத்தை மாற்றும். மேற்கு மாநிலங்களின் ஆர்ஜியா விவிடா, குளிர்ந்த காலையில் மங்கிய ஊதாச்சாம்பலாக இருந்து வெயில் ஏறியதும் பளிச்சென்ற நீலமாகிவிடும். நிறத்தை நம்பி இனம் சொல்வதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இஷ்னூராவைப் பற்றிப் பேசும்போது ஹஸ்டாட்டாவை விட்டுச் செல்ல மனம் வரவில்லை. முதிர்ந்த ஆணின் வயிறு எலுமிச்சை மஞ்சள். அளவில் வட அமெரிக்காவின் மிகச் சிறிய ஊசித்தும்பிகளுள் ஒன்று. அதன் முன் இறக்கையை உருப்பெருக்கிப் பாருங்கள். பொதுவாக மற்றத் தும்பிகளில் இறக்கை விளிம்பை ஒட்டியே இருக்கும் நுனிப் பொட்டு, இந்த ஆணில் விளிம்பிலிருந்து விலகித் தனியே உள்ளே நிற்கும். அமெரிக்கக் கண்டங்களில் ஆணும் பெண்ணுமாக வாழும் இந்த இனம், அட்லாண்டிக்கின் நடுவே உள்ள அசோரஸ் தீவுகளில் பெண்கள் மட்டுமாக, கலவியின்றியே பெருகி வருகிறது. தும்பிகளில் இப்படிப்பட்ட இயற்கைக் கூட்டம் வேறொன்று அறியப்படவில்லை.

இனி, காணாமல்போன குடும்பங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்ஜியத்தின் எட்மண்ட் டி செலிஸ் லாங்ஷான், அவரோடு சேர்ந்து உழைத்த ஹெர்மன் ஹாகென் ஆகியோர் தும்பி வகைப்பாட்டுக்கு அடித்தளம் இட்டார்கள். ஹாகென் 1861-இல் வட அமெரிக்கத் தும்பிகளையும் உள்ளடக்கிய தொகுப்பை எழுதிமுடித்து, 1867-இல் ஹார்வர்டுக்கே வந்துவிட்டார்; சிவிலே, எக்ஸுலன்ஸ் ஆகிய பெயர்கள் அவர் சூட்டியவை, ஹாகெனி அவர் பெயரால் வந்தது. மத்திய அமெரிக்கத் தும்பிகளை ஃபிலிப் கால்வெர்ட் இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் விரிவாக எழுதினார். இவர்கள் எல்லோருக்கும் முதன்மையான சான்று இறக்கை நரம்பு. காய்ந்த மாதிரியில் நிறம் போய்விடும், உடல் சுருங்கிவிடும், இறக்கை மட்டும் அப்படியே இருக்கும். புதைபடிவங்களிலும் மிஞ்சுவது அதுதான். எனவே நரம்புகளின் மேல் குடும்பங்களைக் கட்டியது இயல்பே. இதன் உச்சம் ஃபிரெடெரிக் ஃப்ரேசர் 1957-இல் வெளியிட்ட மறுவகைப்பாடு. தென்னிந்திய மலைகளில் ராணுவ மருத்துவராக இருந்தபோதே தும்பிகளைத் தொகுத்து, இந்தியத் தும்பிகளைப் பற்றி மூன்று தொகுதிகள் எழுதியவர் அவர். நம் மேற்குத் தொடர்ச்சி மலைத் தும்பிகளின் பெயர்களில் பல அவர் சூட்டியவையே.

அந்த முறையில் புரோட்டோநியூரிடே என்பது, இறக்கையின் பின்புற நரம்பு குறுகியோ மறைந்தோ போன, நூல்போல் மெலிந்த ஊசித்தும்பிகளின் குடும்பம். டெக்சஸில் கிடைக்கும் புரோட்டோநியூரா காராவும், நம் மலை ஓடைகளின் நிழலில் வாழும் புரோடாசினியூராவும் அதில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. நரம்பு குறைவது என்பது ஒரு முறை மட்டுமே நடக்கக்கூடியதன்று. மெலிந்த உடலும் குறுகிய இறக்கையும் கொண்ட எந்தக் கிளையிலும் அது தனித்தனியே நடக்கலாம். டைக்ஸ்ட்ராவும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 2014-இல், அப்போது ஏற்கப்பட்டிருந்த 310 ஊசித்தும்பிப் பேரினங்களில் 59 விழுக்காட்டின் மரபணுக்களை ஒப்பிட்டபோது இது தெளிவாகிவிட்டது. அமெரிக்கப் புரோட்டோநியூராக்கள் சீனாக்ரியானிடே குடும்பத்துக்குள்ளேயே விழுந்தன. ஆசியாவினவும் ஆப்பிரிக்காவினவும் பிளாட்டிக்னெமிடிடே என்னும் வேறு குடும்பத்தில் சேர்ந்தன. புரோடாசினியூராவுக்கும் டெக்சஸ் தும்பிக்கும் இருந்த ஒற்றுமை, உறவால் வந்ததன்று.

சூடோஸ்டிக்மாடிடேவின் கதை இதன் மறுபக்கம். மத்திய, தென் அமெரிக்கக் காடுகளில் வாழும் மிகப்பெரிய ஊசித்தும்பிகள் அவை. அளவாலும், இறக்கை நுனியில் ஒற்றைப் பொட்டுக்குப் பதிலாகப் பல கட்டங்கள் சேர்ந்த பொய்ப்பொட்டு இருப்பதாலும், தனிக் குடும்பமாக வைக்கப்பட்டிருந்தன. அவை உண்மையிலேயே நெருங்கிய உறவினர்கள்தாம். ஆனால் சீனாக்ரியானிடே என்னும் மரத்தின் ஒரு கிளைக்குள்ளிருந்து கிளைத்தவை. முகத்தின் நெற்றிப் பகுதி மழுங்காமல் ஒரு விளிம்பாக மடிந்திருக்கும் நெஹலென்னியா, டெலிபாசிஸ் போன்றவை இருக்கும் அதே பெருங்கிளையில்தான் இந்த ராட்சதர்களும் அமெரிக்கப் புரோட்டோநியூராக்களும் அமர்கின்றன. விரல்நீளம்கூட இல்லாத நெஹலென்னியாவும் இவையும் ஒரே கிளை என்பதை முதலில் நம்பத் தோன்றாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மரப்பொந்து நீரில் வாழும் கோரிஃபாக்ரியான் என்னும் ஒற்றை இனமும் இந்த ராட்சதர்களின் உறவு என்று மரபணு சொல்கிறது.

அதே ஆய்வில் உடைந்த இன்னொரு குடும்பம் மெகாபோடாக்ரியானிடே. இறக்கையை விரித்து உட்காரும் பெரிய காட்டு ஊசித்தும்பிகளில் வேறெங்கும் சேராதவற்றையெல்லாம் போட்டுவைத்த குடும்பம் அது. இன்று அந்தப் பெயர் தென் அமெரிக்காவின் ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் நிற்கிறது. ஹெட்டெராக்ரியான், ஃபிலோஜீனியா, கியூபா முதலிய பெரிய அன்டில்ஸ் தீவுகளின் ஹைப்போலெஸ்டெஸ், அருவிவாசியான தௌமடோனியூரா ஆகியவை ஒவ்வொன்றும் வெவ்வேறு குடும்பங்களுக்குப் போய்விட்டன. எதிர்த்திசையில், அசையாமல் நின்ற குடும்பங்களும் உண்டு. பிளாட்டிஸ்டிக்டிடே அத்தகையது. இலங்கையின் ஈரக் காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் செழித்திருக்கும் இந்தக் குடும்பத்தின் அமெரிக்கக் கிளை பலேம்னெமா. அதில் ஒரே ஓர் இனம், பலேம்னெமா டோமினா, அரிசோனாவரை எட்டிப்பார்க்கிறது. கடலால் பிரிந்த இந்த இரு பகுதிகளும் ஒரே குடும்பம் என்பதில் நரம்பும் மரபணுவும் ஒத்துப்போகின்றன.

ஆகவே உங்கள் பழைய கையேட்டில் உள்ள குடும்பப் பெயர் மாறிவிட்டதே தவிர, இனத்தைக் கண்டறிய அது தரும் வழிகாட்டி பழுதுபடவில்லை. அமெரிக்கப் புரோட்டோநியூராவை இன்றும் அதே குறைந்த நரம்பை வைத்துத்தான் கையில் பிடித்து அடையாளம் காண்போம். உறவைச் சொல்லத் தவறிய அடையாளம், பெயரைச் சொல்லத் தவறுவதில்லை.

மரபணுவே எல்லாவற்றுக்கும் தீர்ப்பு என்று எண்ணிவிடவும் வேண்டாம். எனலாக்மாவில் நிலைமை தலைகீழ். இன்றைய வட அமெரிக்க இனங்களில் பலவும் பனியூழிக் காலத்தில், கடந்த சில லட்சம் ஆண்டுகளுக்குள் வேகமாகப் பிரிந்தவை. இனங்களைச் சட்டெனப் பிரித்தறியப் பொதுவாகப் பயன்படும் மைட்டோகாண்ட்ரிய மரபணுத் துண்டு, ஹாகெனியைச் சுற்றியுள்ள கூட்டத்தில் இனத்துக்கு இனம் வேறுபடும் அளவுக்கு இன்னும் விலகவில்லை. பற்றுறுப்பைப் பார்த்து நிமிடத்தில் சொல்லக்கூடியதை அந்தச் சோதனையால் சொல்ல முடிவதில்லை. இதற்கு நேர்மாறான சான்றும் இதே பேரினத்திலேயே இருக்கிறது. வட அமெரிக்காவின் அனெக்ஸம் நெடுங்காலம் ஐரோப்பாவின் சயாதிஜெரம் என்றே கருதப்பட்டது. பற்றுறுப்பும் ஏறத்தாழ ஒன்றே. 2005-இல் வெளிவந்த ஆய்வு, அவை இரண்டும் தத்தம் கண்டத்து உறவினர்களுக்கே நெருக்கமானவை, வடிவம் மட்டும் தனித்தனியே ஒரே திசையில் வந்து சேர்ந்தது என்று காட்டியது. ஒரே குளத்தில் சேர்ந்து வாழும் இனங்களுக்கிடையில் பற்றுறுப்பு பொய் சொல்லாது. ஒருவரையொருவர் சந்திக்கவே வாய்ப்பில்லாத இரு கண்டங்களுக்கிடையில் அதற்கு அந்தக் கடமை இல்லை. ஹெட்டெரீனா அமெரிக்கானா என்று எல்லோரும் எழுதிவந்த இறக்கையின் அடி சிவந்த தும்பிக்குள்ளும் இன்னோர் இனம் ஒளிந்திருந்தது 2020-இல் வெளிப்பட்டு, கால்வெர்ட்டின் நினைவாக ஹெட்டெரீனா கால்வெர்டி என்று பெயர் பெற்றது. நியூ ஜெர்சியில் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மெக்சிகோ, தென்மேற்கு மாநிலங்கள் பக்கம் போனால் நினைவில் வையுங்கள்.

கோஸ்டா ரிகாவில் வடக்கின் பழக்கங்களில் சிலவற்றைத் தளர்த்தவேண்டியிருக்கும். குளத்தங்கரையில் மட்டும் தேடினால் சுவையானவை எல்லாம் தவறிவிடும். காட்டுக்குள் நிழலான சிற்றோடைகள், கசிவுநீர்ப் பாறைகள், அருவிகள் ஆகியவையே இடம். ஓடைக் கரையின் அடர்ந்த நிழலில் தாழ்வான குச்சியில் அசையாமல் இருப்பது பலேம்னெமாவாக இருக்கலாம். ஓடைமேல் தொங்கும் கிளையில் இறக்கையை விரித்து, மஞ்சளோ ஆரஞ்சோ ஆன வால்நுனியோடு அமர்ந்திருப்பது ஹெட்டெராக்ரியான். அருவிச் சாரல் தெறிக்கும் பாறைகளை ஒட்டி, கறுப்புத் தீட்டிய இறக்கைகளோடு பெரிய தும்பி ஒன்றைக் கண்டால் அது தௌமடோனியூரா இனோபினாட்டா. கோஸ்டா ரிகாவையும் பனாமாவையும் விட்டால் வேறெங்கும் அதைப் பார்க்கமுடியாது. வேகமான ஓடைகளில் பாலிதோரிடே குடும்பத்தின் கோரா வகைத் தும்பிகள் கிடைக்கும்; அவற்றின் நீர்வாழ் இளம்பருவத்துக்கு வால்நுனிச் செவுள்கள் போதாதென்று வயிற்றின் பக்கங்களிலும் செவுள்கள் உண்டு.

நீங்கள் தேடிப்போகும் ராட்சதர்களுக்கு ஓடையே தேவையில்லை. மெகாலோப்ரெபஸ், மழைநீர் தேங்கிய மரப்பொந்துகளில் முட்டையிடுகிறது. ஆண் தனக்கென ஒரு பொந்தைக் காவல் காக்கும். உள்ளே இளம்பருவங்கள் கொசுப்புழுவையும் தலைப்பிரட்டையையும், இடம் போதாதபோது ஒன்றையொன்றும் தின்கின்றன. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஓலா ஃபின்கே பல ஆண்டுகள் செய்த ஆய்வால்தான் இந்த வாழ்க்கையில் பெரும்பகுதி நமக்குத் தெரியவந்தது. மெகிஸ்டோகாஸ்டர் மோடெஸ்டா இன்னும் சிறிய நீரைத் தேடுகிறது. மரக்கிளைகளில் தொற்றி வளரும், அன்னாசிக் குடும்பத்துப் புரோமீலியட் செடிகளின் இலையடுக்கில் தேங்கும் நீரே அதற்குப் போதும். வளர்ந்த தும்பிகள் காட்டின் ஒளி விழும் இடங்களில் மெதுவாக மிதந்து வந்து, வலையில் இருக்கும் சிலந்தியைப் பின்வாங்கிப் பறந்தபடியே பறித்துச் செல்லும். மரம் விழுந்து வெளிச்சம் பாய்ந்த திறப்புகளில், மழை ஓய்ந்து வெயில் வந்த முற்பகலில் காத்திருங்கள். மெகாலோப்ரெபஸின் இறக்கை விரிப்பு 19 சென்டிமீட்டர்வரை போகும். வாழும் தும்பிகளிலேயே அதுதான் மிக அகலம். வெளிப்புறத்தில் அகலமான கருநீலப் பட்டை இருப்பதால், நான்கு இறக்கைகளும் மெதுவாகச் சுழல்வது உடலைப் பார்ப்பதற்கு முன்பே கண்ணில் படும்.

அதைப் படமெடுத்தால், எடுத்த இடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். மெகாலோப்ரெபஸ் சேருலாட்டஸ் என்ற ஒரே பெயரில் மெக்சிகோவிலிருந்து பொலிவியாவரை அழைக்கப்பட்டுவந்த தும்பி, ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் என்று மரபணு ஆய்வுகள் காட்டிவருகின்றன. எனவே ‘கோஸ்டா ரிகா’ என்று மட்டும் எழுதிவைத்தால் நாளை அந்தப் படத்துக்குச் சரியான பெயர் சூட்ட வழியிருக்காது. பசிபிக் பக்கமா, கரீபியன் பக்கமா, எந்தக் காடு என்பதைச் சேர்த்து எழுதுங்கள். இறக்கை முழுவதும் தெரியும்படி ஒரு படமும், நுனிப்பட்டையும் பொட்டும் தெளிவாகத் தெரியும்படி இன்னொரு படமும் இருந்தால் போதும்.